ஐந்தாமவர்

அறநூல்கள் பேசும் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. செய்தவர் இன்னாரெனத் தெரியும். துன்புற்றவர் இன்னாரெனத் தெரியும். செயலுக்கும் துன்பத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு கண்ணுக்குப் புலப்படும். திருடியவன், பொருளை இழந்தவன், களவு போன பொருள் ஆகிய மூன்றும் நம் முன்னே நிற்பதால் தீர்ப்புக் கூறுவது எளிதாகிறது. ஆனால், செய்தவருக்குத் தாம் செய்தது தெரியாமலும், துன்புற்றவருக்குத் தம்மைத் துன்புறுத்தியவர் யாரெனத் தெரியாமலும், இடையிலுள்ள தொடர்பு நுண்ணோக்கியாலன்றிக் காண இயலாமலும் ஒரு தீங்கு நேருமாயின், அதனை அறம் எவ்வாறு அளப்பது? மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

பெனிசிலின் என்னும் அருமருந்தை 1928ஆம் ஆண்டு இலண்டனில் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் அவர்களே இக்கேள்வியை உலகின்முன் வைத்தார். 1945ஆம் ஆண்டு டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். தொண்டைப் புண் வந்த ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறார். அவ்வளவு கிருமிகளைக் கொல்லப் போதாது. மருந்தைத் தாங்கும் ஆற்றலை அவற்றுக்கு ஊட்டவே போதுமானது. அவரிடமிருந்து அக்கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியாக் காய்ச்சல் காண்கிறது, மருத்துவர் பெனிசிலின் தருகிறார், மருந்து பயன்படவில்லை, அம்மையார் இறந்துபோகிறார். இச்சாவுக்கு யார் பொறுப்பு? பிளெமிங் தயங்காமல் விடை கூறினார்: மருந்தை அசட்டையாகப் பயன்படுத்திய கணவரே பொறுப்பு.

விடை தெளிவானது, முதற்பார்வைக்கு நேர்மையானதும்கூட. எனினும் எண்பது ஆண்டுகள் கடந்த நிலையில், இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு அதனை உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, கிருமி எவ்வாறு மருந்தை வெல்கிறது என்பது. பிளெமிங் தம் உரையில், கிருமிக்குக் கல்வி புகட்டுதல் என்று பொருள்படும் சொல்லையே ஆண்டார். ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வுவமை சுவையானதே. ஆயினும் அது முழு உண்மையன்று. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோசுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் ஆகிய இருவரும் ஓர் எளிய சோதனை செய்தனர். ஒரு தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களை வெல்வெட்டுத் துணியால் ஒற்றியெடுத்து, மருந்திட்ட வேறு தட்டுகளில் அதே வரிசையில் பதித்தனர். மருந்தைத் தாங்கிப் பிழைத்தவை எந்த இடத்திலிருந்து வந்தனவோ, அந்த இடத்தில் மருந்தையே கண்டிராத மூலத்தட்டிலும் அவ்வாற்றலுடைய கிருமிகள் முன்பே இருந்தன. மருந்து ஆசிரியர் அன்று, தேர்வாளர். அது யாருக்கும் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. கோடிக் கணக்கான கிருமிகளைத் தோல்வியுறச் செய்து, தற்செயலாய் விடை தெரிந்திருந்த ஒன்றிரண்டை மட்டும் தேர்ச்சி பெறச் செய்கிறது. இடம் வெறுமையாகிவிடுவதால், தேர்ச்சி பெற்றவை தடையின்றிப் பெருகுகின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று கிருமியிடம் இருப்பதை எர்னஸ்ட் செயின், எட்வர்டு ஆபிரகாம் ஆகியோர் 1940ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டனர். அம்மருந்து நோயாளிகளிடம் பரவலாகச் சென்று சேருமுன்னரே, அதற்கு எதிரான படைக்கலம் இயற்கையில் இருந்தது.

இரண்டாவது, பிளெமிங் தம் கதைக்குத் தேர்ந்த கிருமி. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியையே அவர் அஞ்சினார். வியப்பு என்னவெனில், தொண்டைப் புண்ணுக்குரிய அந்த முதன்மையான வகை இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே வருகிறது. மீறியது வேறொன்று. புண்களிலும் அறுவைக் காயங்களிலும் குடிகொள்ளும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியே அது. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் என்னும் ஆய்வாளர் 1940களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் இதனைக் கணக்கெடுத்தார். 1948ஆம் ஆண்டுக்குள் அங்குக் கிடைத்த இவ்வினக் கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அடங்காதவை ஆகிவிட்டிருந்தன. அவற்றை அடக்க மெதிசிலின் என்னும் புதுமருந்து 1959ஆம் ஆண்டு வந்தது. 1961ஆம் ஆண்டிலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று உலகமெங்கும் மருத்துவமனைகள் அஞ்சும் கிருமி அதுவே.

ஆக, தீங்கு பிறந்த இடம் அசட்டையான கணவரின் வீடன்று. கற்றறிந்த மருத்துவர்கள் முறையாக அளந்து மருந்து கொடுத்த மருத்துவமனையே. இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனை என்பது நலிந்த உடல்கள் ஒருங்கே கூடும் இடம். சிறுநீர்க்குழாய், மூச்சுக்குழாய், அறுவைக் காயம் எனக் கிருமி நுழைவதற்கு வாயில்கள் பல திறந்திருக்கும் இடம். வலிமை மிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நாள்தோறும் பயன்படும் இடமும் அதுவே. ஒருவர் உயிரைக் காக்க முற்றிலும் முறையாகக் கொடுக்கப்பட்ட மருந்தும், அவர் உடலிலுள்ள கிருமிகளில் தாங்குவனவற்றைத் தேர்ந்தெடுக்கவே செய்யும். தவறாகப் பயன்படுத்தினால் தீங்கு மிகுதி. சரியாகப் பயன்படுத்தினாலும் தீங்கு முற்றிலும் இல்லாமற்போவதில்லை. இங்கே குற்றம் வேறு, காரணம் வேறு என்று பிரிந்து நிற்கின்றன. குற்றமே செய்யாதவரும் காரணம் ஆகலாம்.

சிக்கல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் கிருமிகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள், ஒரு கிருமி தன் எதிர்ப்பாற்றலை வேறோர் இனத்துக் கிருமிக்கும் கைமாற்ற வல்லது என்பதை 1950களின் இறுதியில் கண்டனர். தீங்கற்ற குடற்கிருமி ஒன்று தான் பெற்ற ஆற்றலைக் கொடிய கிருமிக்குக் கடன் கொடுத்துவிடும். எனவே, இன்று ஒருவர் உண்ணும் மருந்து, அவர் நோய்க்குத் தொடர்பே இல்லாத வேறொரு கிருமியின் வழியாக, அவர் பெயரையும் அறியாத ஒருவரைச் சென்று தாக்கக்கூடும். பிளெமிங் காட்டிய கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். நம் காலத்தில் அவ்விருவருக்கும் இடையே பல வீடுகளும், பல நாடுகளும், பல ஆண்டுகளும் இருக்கலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர். இந்நான்கும் செம்மையாக அமைந்தால் மருத்துவம் செம்மையாகும் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த கருத்து. நோயாளியின் படுக்கையைச் சுற்றி நின்று பார்ப்பவருக்கு இப்பகுப்பு முழுமையானதே. ஆனால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பொறுத்தவரை, அப்படுக்கையின் அருகே கண்ணுக்குத் தெரியாத ஐந்தாமவர் ஒருவரும் நிற்கிறார். நாளையோ அடுத்த ஆண்டோ அதே மருத்துவமனைக்கு வரப்போகும் முன்பின் அறியாத நோயாளியே அவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாகவோ, இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியாகவோ, புற்றுநோய் மருத்துவத்தால் உடலின் காப்பாற்றலை இழந்தவராகவோ அவர் இருக்கலாம். நம்முன் இருக்கும் நால்வரும் எடுக்கும் முடிவில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் பேசுவதற்கு அவருக்கு வாய் இல்லை.

ஏனைய மருந்துகளுக்கு இந்நிலை இல்லை என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பதால், மற்றொருவர் உண்ணும் அதே மாத்திரையின் ஆற்றல் குறைவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மட்டுமே, ஒருவர் பயன்படுத்தப் பயன்படுத்த மற்றவருக்குப் பயன் குறையும் மருந்து. மாத்திரையை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அதன் ஆற்றலை நாம் வாங்குவதில்லை. அது பொதுச்சொத்து.

அவ்வாறாயின், ஐந்தாமவருக்காக நம்முன் கிடக்கும் நோயாளிக்கு மருந்தை மறுக்கலாமா? இங்கேதான் அறம் தடுமாறுகிறது. பலருடைய நன்மைக்காக ஒருவரை இழக்கலாம் என்று கணக்கிடுவோர் உண்டு. அக்கணக்கை நான் ஏற்பதற்கில்லை. தன்னை நம்பி வந்தவரைக் கைவிட்டு, இன்னும் வராதவரைக் காப்பது மருத்துவம் ஆகாது. 1941ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் செலுத்தப்பட்டது. கொடிய தொற்றால் சாகும் நிலையில் இருந்தவர் சில நாள்களில் தேறினார். ஆனால் கையிருப்பு முடிந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தும் போதவில்லை. மார்ச்சு மாதம் அவர் இறந்தார். அன்று மருத்துவர்கள் இருந்த ஒவ்வொரு துளியையும் அவருக்குக் கொடுத்தது சரியே. உயிர் போகும் வேளையில் மருந்தை எண்ணிப் பார்த்துக் கொண்டிருப்பது அறமன்று.

ஆனால், அந்நிகழ்ச்சி நமக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. மருந்து அரிதாக இருந்த காலத்தில் அதன் அருமையை மனிதர் அறிந்திருந்தனர். சிறுநீரில் கரைந்து போவதையும் வீணாக விடவில்லை. மருந்து மலிந்த காலத்தில் அந்த அருமை மறந்துபோயிற்று. ஆகவே ஐந்தாமவரின் உரிமை, நோயாளியின் தேவையோடு மோதுவதில்லை. நம்முடைய வசதியோடும் அவசரத்தோடும் அச்சத்தோடுமே மோதுகிறது. சாதாரணச் சளியும் இன்புளுவென்சாக் காய்ச்சலும் வைரசால் வருவன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும், பிள்ளைக்குச் சளி பிடித்தவுடன் கிளினிக்குக்குச் சென்று, வலுவான மருந்தாகக் கொடுங்கள் என்று வற்புறுத்தும் பெற்றோரை நாம் நன்கறிவோம். மருந்து தராத மருத்துவர் கெட்டிக்காரர் அல்லர் என்று கருதும் மனப்பான்மையும் நம்மிடையே உண்டு. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி, மருத்துவரின் மருந்துச்சீட்டு இன்றி இம்மருந்துகளைக் கடையில் விற்கலாகாது. சட்டம் கடையின் வாயிலைக் காக்கலாம். வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைத் தம்பிக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துக் கொடுக்கும் கையைச் சட்டம் எவ்வாறு தடுக்கும்?

வசதிக்காக மருந்தை வீணாக்குவது மனிதருக்கு மட்டும் உரியதன்று. கோலிஸ்டின் என்னும் பழைய மருந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஒருகாலத்தில் மருத்துவர்களால் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. பின்னர், வேறெதற்கும் அடங்காத மருத்துவமனைக் கிருமிகளை எதிர்க்க, கடைசிப் புகலாக அதனையே மீண்டும் நாடவேண்டியதாயிற்று. அதே வேளையில் பல நாடுகளில் அது பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. 2015ஆம் ஆண்டு சீனாவில், கோலிஸ்டினை எதிர்க்கும் ஆற்றலைக் கிருமிக்குக் கிருமி கைமாற்றும் மரபணு ஒன்று விலங்குகளிடத்தும் மனிதரிடத்தும் கண்டறியப்பட்டது. அதன்பின் 2019ஆம் ஆண்டு முதல் மலேசியா, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அம்மருந்தைத் தருவதைத் தடை செய்தது. ஒரு விலங்கு சற்று விரைவாகக் கொழுப்பதற்கும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒரு மனிதரின் கடைசி நம்பிக்கைக்கும் இடையே எது பெரிது என்று கேட்டால், விடை கூற அறநூல் எதுவும் வேண்டியதில்லை.

இங்கே மறுபக்கத்தையும் பார்த்தல் நீதியாகும். ஐந்து நாளுக்கு எழுதிய மருந்தில் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கிச் செல்பவரும் உலகில் உண்டு. அசட்டையால் அன்று, கையில் இருந்த காசு அவ்வளவே. உடல் சற்றுத் தேறியதும், ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்று வேலைக்கு ஓடுபவரும் உண்டு. பிளெமிங்கின் கதையில் வரும் கணவருக்கு வேறுவழி இருந்தது, இவர்களுக்கு இல்லை. ஏழை நாடுகள் பலவற்றில் மருந்து மிகுதியால் அன்றி, உரிய மருந்து கிடைக்காமையாலேயே மக்கள் மாள்கின்றனர். அவர்களிடம் சென்று சிக்கனம் பேசுவது, பட்டினி கிடப்பவரிடம் உண்ணா நோன்பின் சிறப்பைக் கூறுவதை ஒக்கும். ஆதலின், மருந்தை முறையாக உண்ணும் கடமை தனிமனிதருக்கு உண்டெனில், முறையாக உண்பதற்குரிய நிலையை அவருக்கு அமைத்துத் தரும் கடமை சமுதாயத்துக்கு உண்டு. மேலும், மருந்தை நீண்ட நாள் உண்பதே எப்போதும் நல்லது என்ற பழைய கருத்தும் இன்று மாறி வருகிறது. பல தொற்றுகளுக்குக் குறுகிய கால மருத்துவமே போதும் என ஆய்வுகள் காட்டுகின்றன. எத்தனை நாள் என்பதை நோயாளி தாமே முடிவு செய்யாமல், மருத்துவர் அளந்து சொன்னபடி நடப்பதே நெறி.

பொதுச்சொத்து ஏன் அழிகிறது என்பதற்கு 1968ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் ஒரு விளக்கம் தந்தார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒருவர் மேலும் ஒரு மாட்டை விட்டால், இலாபம் முழுதும் அவருக்கு. புல் குறைவதால் வரும் நட்டம் எல்லாருக்கும் பொது. ஆகவே ஒவ்வொருவரும் மாட்டைப் பெருக்குவர். முடிவில் நிலம் பாழாகும். இதனை மறுத்து, எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் மீன்வளத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் கட்டுப்பாட்டோடு காத்துவரும் ஊர்கள் பல உண்டு என்பதைச் சான்றுகளோடு நிறுவினார். 2009ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். பாழாவது விதியன்று; பங்காளிகள் கூடி முறை வகுத்துக்கொண்டால் பொதுச்சொத்து நிலைக்கும் என்பதே அவர் கண்ட உண்மை.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும், ஏரி நீரைப் பங்கிடும் உழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவர். முறை தவறியவரை ஊர் கேட்கும். ஐந்தாமவரின் முகத்தை நாம் அறியோம். மேய்ச்சல் நிலம் ஒரு மழையில் தளிர்த்துவிடும். கிருமிகளிடம் தோற்ற மருந்தின் ஆற்றலோ எளிதில் மீள்வதில்லை. புதுமருந்து வரும் என்று காத்திருக்கவும் வழியில்லை. அரிய புதுமருந்தை மருத்துவர்கள் தேவைப்படும் நாள்வரை பயன்படுத்தாமல் வைத்திருப்பதே முறை. ஆனால் விற்காத பொருளை எந்த நிறுவனம் ஆக்கும்? அமெரிக்காவின் அக்கேயோஜன் நிறுவனம் ஆக்கிய பிளாசோமைசின் என்னும் மருந்து 2018ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது; அடுத்த ஆண்டே அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. சந்தை தன் கணக்கில் ஐந்தாமவரைச் சேர்ப்பதில்லை.

இவ்வளவு பெரிய சிக்கலில் என் ஒரு மாத்திரையால் என்ன நேர்ந்துவிடும் என்று ஒருவர் கேட்கலாம். கணக்கின்படி அவர் பங்கு மிகச் சிறிதே. அதற்கு விடையாக வியன்னா நகரத்து வரலாறு ஒன்றைக் கூறலாம். 1847ஆம் ஆண்டு அங்குள்ள பெரிய மருத்துவமனையில், பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார் மிகுதியாக இறப்பதற்குக் காரணம் பிணங்களை அறுத்து ஆய்ந்த கையோடு பேறு பார்க்க வரும் மருத்துவர்களின் கைகளே என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். சாவு பெரிதும் குறைந்தது. எனினும் மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. உயிர் காக்க வந்த எங்கள் கையா உயிரை எடுத்தது என்னும் எண்ணத்தை அவர்களால் தாங்க இயலவில்லை. நல்ல நெஞ்சம் உடையவரும் தீங்கைச் சுமந்து செல்லலாம் என்பதை ஒப்புக்கொள்வது கடினம். ஆனால் ஒப்புக்கொண்டவுடன் செய்ய வேண்டியது மிக எளிது: கையைக் கழுவுவது. இன்றும் மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கும் வழிகளில் முதன்மையானது அதுவே. ஒரு முறை கழுவிய கையால் எந்த உயிர் தப்பியது என்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. அதற்காகக் கழுவாமல் விடுபவரை நல்ல தாதி என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது பிளெமிங்கின் கேள்விக்கு விடை காண முயலலாம். நம் மொழியில் பொறுப்பு என்னும் சொல் பொறு என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்னும் பொருளும் உண்டு. குற்றம் என்பது பிறரால் ஒருவர்மேல் சுமத்தப்படுவது. பொறுப்பு என்பது ஒருவர் தாமே முன்வந்து சுமப்பது. நடந்துவிட்ட சாவுக்கு யார்மேல் குற்றம் சுமத்துவது என்று தேடினால், இவ்விடத்தில் பெரும்பாலும் யாரும் அகப்படமாட்டார். அகப்படுபவரும் முழுக் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால், இனி நடக்கவிருக்கும் சாவைத் தடுக்கும் சுமையை யார் தாங்குவது என்று கேட்டால், எல்லார் தோளிலும் இடம் இருக்கிறது. வேண்டாத மருந்தை வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர், அச்சொல்லை ஏற்றுக்கொள்ளும் பெற்றோர், ஒவ்வொரு படுக்கைக்கும் இடையே கைகழுவும் தாதி, கால்நடைக்கு மருந்தைக் கலவாத பண்ணையாளர், ஏழைக்கு முழு மருந்தும் கிடைக்கச் செய்யும் அரசு, விற்பனையைப் பாராமல் புதுமருந்து ஆய்வுக்குப் பொருள் ஒதுக்கும் நாடுகள் என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு.

பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்த்து நின்றமையால் நேரடியாக நேர்ந்த சாவுகள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் ஒருவருக்கேனும் தம்மைக் கொன்றது யாருடைய மாத்திரை என்று தெரியாது. நமக்கும் தெரியாது. முகம் தெரிந்தவருக்குச் செய்யும் நன்மைக்கு நன்றியாவது திரும்பி வரும். ஐந்தாமவருக்குச் செய்யும் நன்மைக்கு அதுவும் வாராது. காக்கப்பட்டவரே அதனை அறியமாட்டார். கைம்மாறு கருதாத அறத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அதற்கு எடுத்துக்காட்டைப் பழங்கதைகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. இருமலோடு வகுப்புக்கு வரும் பிள்ளையிடமும், அவன் பெற்றோரிடமும், மருந்து எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துரைக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வறத்தையே நாம் கற்பிக்கிறோம்.